யாரும் முந்தக் கூடாது

நூலகத்தின் மாடிக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெற்ற அவ்வகுப்பிற்குக் காரில் வந்தவர் கிளட்ச் மாஸ்டர் ஒருவரே ஆவார். மற்றவர்கள் நடந்தும் பேருந்திலும் வந்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைத் தேர்ந்து பயிற்றுவித்து, நடப்பதன் நன்மையை மக்களிடமும், நடப்பதற்கேற்ற தெருக்களின் தேவையை நகராட்சியிடமும் எடுத்துரைக்கச் செய்வதே அவ்வகுப்பின் நோக்கம். அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்படுவோருக்கு 'நடைத் தூதர்' என்று பெயர் சூட்டியிருந்தனர். ஆதலின், மாஸ்டர் தம் காரை நூலகத்தின் பின்புறம், எவர் கண்ணிலும் படாதவாறு நிறுத்திவிட்டு, வேர்த்தவர்போல் நெற்றியைத் துடைத்துக்கொண்டே மாடியேறுவார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றை அவர் நெடுங்காலம் நடத்தியவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து "கிளட்ச், கிளட்ச்" என்று ஓயாது கத்தியமையால் அதுவே பெயராகி ஒட்டிக்கொண்டது. பெற்றோர் இட்ட பெயர் வங்கிப் புத்தகத்தில் மட்டும் உயிர்வாழ்ந்தது. பள்ளியை வேறொருவர் கையில் ஒப்படைத்த பின்னர், தம் பேச்சைக் கேட்க ஆளின்றி அவர் தவித்தார். அந்நிலையில், செய்தித்தாளுடன் வந்த இவ்வகுப்பின் அறிவிப்பை அவர்முன் எடுத்து வைத்தவர் அவருடைய மனைவியே.

"உங்களுக்குத்தான் பேச்சு நல்லா வருமே. அங்க போய்ப் பேசுங்களேன்" என்றார் அவர்.

நடைபாதையின்மீது மனைவிக்கு ஏன் அக்கறை என்று மாஸ்டர் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

வகுப்பில் மாஸ்டர் உண்மையாகவே சிறந்து விளங்கினார். "சாலையின் முதல் உரிமை காலுக்கு, சக்கரத்துக்கு மிச்சம் மீதிதான்" என்று அவர் முழங்கியபோது, ஓய்வு பெற்ற தபால்காரம்மா கைதட்டினார். மருந்துக்கடைக்காரர் அவ்வரியைக் கைபேசியில் பதிந்துகொண்டார். அப்பகுதியின் தூதர் இவரே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எலும்பு முறிவு மருத்துவமனையில் பல்லாண்டுகள் உடற்பயிற்சி அளித்து ஓய்வு பெற்றபின் இவ்வகுப்பை நடத்திவந்த பயிற்சியாளர் மட்டும், "நல்லாப் பேசுறீங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் மனிதரின் வாயைக் காட்டிலும் காலைப் பார்த்துப் பழகியவர்.

வகுப்பின் நிறைவில் ஒவ்வொருவரும் தத்தம் பகுதியில் ஒரு நடையை நடத்திக் காட்ட வேண்டும். அதற்கென ஒரு முறைமை இருந்தது.

"உங்க வீட்டுலயே ரொம்ப மெதுவா நடக்குறவங்க யாரோ, அவங்க முன்னாடி நடப்பாங்க" என்றார் பயிற்சியாளர். "நாம எல்லாரும் பின்னாடி. யாரும் முந்தக் கூடாது. அவங்க கேக்காம யாரும் கை குடுக்கக் கூடாது. அவங்க கால் எங்க தயங்குதோ அதைப் பாக்கணும், அவ்வளவுதான்."

முந்தைய வாரம் மருந்துக்கடைக்காரர் நிறைமாதக் கர்ப்பிணியான தம் மகளை அழைத்து வந்திருந்தார். அதற்கு முன்னர் தபால்காரம்மா அழைத்து வந்த பேத்தி, நடை பழகும் பருவத்தினள். ஒவ்வொரு நாய்க்கும் நின்று வணக்கம் சொல்லி, வகுப்பு முழுவதையும் வெயிலில் நிறுத்தி வைத்தாள்.

"அடுத்த வாரம் உங்க முறை. உங்க வீட்டுல யாரு மாஸ்டர்?"

"என் மச்சான்" என்றார் மாஸ்டர்.

அச்சொல் அவர் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வந்தபின் அதைத் திரும்ப அழைக்க அவருக்கு மனமில்லை.

அவர் வீட்டில் மெதுவாக நடப்பவர் அவருடைய மனைவியே ஆவார். மணமான புதிதில் அவ்வம்மையாரின் வேகத்திற்கு ஈடுகொடுக்க மாட்டாமல், "ரயிலா பிடிக்கப் போற?" என்று மாஸ்டர் மூச்சிரைக்கப் பின்தொடர்ந்தது உண்டு. சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்துத் தைத்தனர். அதன்பின் நான்கு கால் கொண்ட நடைச்சட்டம் ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்து, வலக்காலைத் தரையோடு இழுத்துத்தான் அவரால் நடக்க முடிந்தது.

மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் இருவரும் ஒருநாள் கடைத்தெருவுக்கு நடந்து சென்றனர். தேநீர்க் கடையில் நின்ற எதிர்வீட்டுக்காரர், "என்ன மாஸ்டர், ஃபர்ஸ்ட் கியரைத் தாண்டவே மாட்டீங்க போலிருக்கே" என்றார். கடை முழுவதும் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். அன்றிலிருந்து மனைவியை அவர் எங்கும் நடக்க விட்டதில்லை; அடுத்த தெருவுக்கும் காரே. "சம்சாரத்தக் கால் தரையில படாமப் பாத்துக்குறார்யா" என்று ஊர் மெச்சியது. காரிலிருந்து இறங்கிய பின்னும், சீட்டு வாங்கப் போகிறவர்போல அவர் விரைந்து முன்னே சென்றுவிடுவார். இருவரும் ஒன்றாக நடந்தால்தானே பிறர் நின்று பார்ப்பர்?

வெள்ளிக்கிழமை மாலை, அவருடைய சட்டைக்குத் தேய்ப்புப் பெட்டியை ஓட்டியபடியே மனைவி கேட்டார்: "நாளைக்கு உங்க முறையாமே. என்ன செய்யணும்?"

"சும்மா, தெருவுல நடக்கணும்."

"நானும் வரவா?"

"உனக்கெதுக்கு அந்தக் கஷ்டம்? நாளைக்கு இருக்குற உடற்பயிற்சியக்கூடத் திங்கக்கிழமைக்கு மாத்திக்கலாம். கூட்டிட்டுப் போக எனக்கு நேரமில்ல."

மனைவி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையின் காலரை ஒருமுறை நீவிவிட்டு, "சரி" என்றார்.

மச்சான் என்று சுட்டப்பட்டவர் அம்மையாரின் தம்பி, மின்பணியாளர். ஏணியில் பூனைபோல் ஏறி இறங்கும் அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாமைதான் குறை.

"அக்காவையே கூட்டிட்டுப் போலாமே மாமா. நிஜமாவே மெதுவா நடப்பாங்க."

"அவளால முடியாதுப்பா."

"எந்தக் காலை நொண்டணும்?"

"ஏதோ ஒண்ணு. நடுவுல மாத்திடாத."

மறுநாள் மாலை, மாஸ்டர் தேர்ந்த வழியில் நடை தொடங்கியது. தம் தெரு அவ்வழியில் வராதபடி அவர் முன்பே கவனித்துக்கொண்டிருந்தார். மைத்துனர் இரவல் கைத்தடியுடன் முன்னே சென்றார். இடக்காலைச் சுழற்றிச் சுழற்றி வைத்தார். நாடக மேடையில்கூட எவரும் அத்துணை பாடுபட்டு நொண்டியிருக்க மாட்டார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று பயிற்சியாளர் வினவினார்.

"பொறந்ததுலேருந்து மேடம்."

பயிற்சியாளர் அவருடைய காலணியின் தேய்ந்த விளிம்பைக் கூர்ந்து நோக்கினார். இரண்டு குதிகாலும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தன. பார்த்துவிட்டு வரிசையில் தம் இடத்திற்குத் திரும்பினார்.

பெரிய சாலையின் திருப்பத்தில் நடைபாதை குறுகியது. ஒருபுறம் மதில், மறுபுறம் வண்டிகளின் இரைச்சல். ஒருவர் பின் ஒருவராகவே செல்ல இயலும். அவ்விடத்தில், அவர்களுக்குச் சற்று முன்னால், ஒரு பெண்மணி நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார். சட்டத்தின் கால்கள் தரையில் பதியும் ஒலி. அதன்பின் செருப்பு இழுபடும் ஒலி. முகத்தைக் காணும் முன்னரே அவ்வொலி யாருடையது என்று மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டின் கூடத்தில் நாள்தோறும் அவர் கேட்கும் ஒலியன்றோ அது. மனைவியின் காலுக்குப் பயிற்சி தரும் நிலையம் அச்சாலையில்தான் இருந்தது. திங்கட்கிழமை வரை காத்திராமல் அவர் நடந்தே வந்துவிட்டார்.

மைத்துனரின் கைத்தடி தயங்கி நின்றது. பின்னே வந்த அனைவரும் நின்றனர்.

"அப்ப இனிமே இவங்க பின்னாடி" என்றார் பயிற்சியாளர், அமைதியாக.

"மேடம், ரோட்டுல எறங்கிச் சுத்திப் போயிடலாமே" என்றார் மாஸ்டர். தம் குரல் இவ்வளவு உயர்ந்து ஒலிக்கும் என்று அவர் எண்ணவில்லை. "அவங்க நம்மகூட வந்தவங்க இல்லையே. எதுக்கு அவங்களத் தொந்தரவு பண்ணணும்?"

நடைச்சட்டம் நின்றது. அம்மையார் மதிலோரம் ஒதுங்கி வழிவிட முயன்றவாறே, "நீங்க போங்க, எனக்கு நேரமாகும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். திரும்பியவர் முதலில் தம் தம்பியைக் கண்டார்; பிறகு அவர் கையில் இருந்த தடியைக் கண்டார்.

"என்னடா ஆச்சு காலுக்கு?"

"சுளுக்கு அக்கா. நேத்து ஏணியிலேருந்து..."

"எந்தக் கால்?"

மைத்துனர் கீழே குனிந்து இரண்டு கால்களையும் மாறிமாறிப் பார்த்தார். விடை எந்தக் காலிலும் எழுதியிருக்கவில்லை.

அம்மையாரின் பார்வை தம்பியைக் கடந்து, வரிசையின் நடுவில் நின்ற மாஸ்டரின் சட்டைக் காலரில் வந்து நின்றது. முந்தைய மாலை அவர் கையால் நீவிவிட்ட காலர். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது மாஸ்டருக்கும் விளங்கிவிட்டது.

"தெரிஞ்சவங்களா மாஸ்டர்?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். சாலையையும் காலையும் சக்கரத்தையும் பற்றி அருவியெனப் பொழிந்த அவ்வாயை மறுகணமே மூடிக்கொண்டார்.

அம்மையாரே விடை கூறினார்: "தெரியும் மேடம். ஒரே தெருதான்."

கூறிவிட்டுத் திரும்பிச் சட்டத்தை முன்னே நகர்த்தி வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாஸ்டர் பிழைத்திருப்பார். எது வெளியே தெரியக் கூடாதென்று அவர் இத்தனை நாளும் காரில் பூட்டி வைத்திருந்தாரோ, அதை மனைவியே தம் கையால் மூடிக் கொடுத்துவிட்டார்.

அதன்பின் வரிசை அவ்வம்மையாரின் பின்னே நகர்ந்தது. முன்னே நின்றவர்கள் மதிலோரம் ஒதுங்கியதில் மாஸ்டர் மனைவிக்கு நேர் பின்னே வந்துவிட்டார். மாஸ்டர் வாழ்நாள் முழுவதும் பிறருக்கு முந்தக் கற்றுக்கொடுத்தவர். இடம் இருந்தால் முந்து, இல்லையேல் ஹாரன் அடி என்பதே அவர் பாடம். அவருடைய கால்களோ அந்த மந்த நடைக்குப் பழகாமல், ஒன்றோடொன்று மோதித் தடுமாறின. ஒரு வீட்டின் வண்டிவழி குறுக்கிட்ட இடத்தில் நடைபாதை முழங்கால் அளவுக்கு உயர்ந்து நின்றது. அம்மையார் சட்டத்தை மேலே தூக்கி வைத்தார். அது ஆடியது. காலைத் தூக்கினார், தூக்கிய கால் பாதியில் இறங்கிவிட்டது.

கேட்காமல் கை கொடுக்கக் கூடாது என்பது விதி. மாஸ்டரின் கை தானே நீண்டு, பாதியில் நின்றது.

அம்மையார் தலையைத் திருப்பினார். கணவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் நின்ற மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் கை குடுக்குறீங்களா?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் மாஸ்டரை விலக்கிக்கொண்டு முன்னே சென்றார்.

"அவ என் சம்சாரம்" என்றார் மாஸ்டர்.

அதை அவர் யாரிடம் கூறினார் என்பது அவருக்கே தெரியவில்லை. வண்டிகளின் இரைச்சலிலும் அனைவரும் அதைக் கேட்டனர்.

"அப்ப இந்த மச்சான்?" என்றார் தபால்காரம்மா, கைத்தடியைக் காட்டி.

"அவளோட தம்பி. கால் நல்லாத்தான் இருக்கு."

மைத்துனர் தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். நொண்டி ஓய்ந்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நலமாயிருக்கும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. மனைவியின் பக்கத்தில் சென்று கையை நீட்டினார். அம்மையாரோ, "தம்பி, நீங்க விட்டுடாதீங்க. முன்னாடி இன்னொரு மேடு இருக்கு" என்று மருந்துக்கடைக்காரரின் கையையே பற்றிக்கொண்டார்.

பேருந்து நிறுத்தத்தின் இருக்கையில் நடை முடிந்தது. முன்னே நடந்தவரிடம் கருத்துக் கேட்பது வழக்கமாதலின், பயிற்சியாளர் அம்மையாரின் அருகில் அமர்ந்து, "உங்களுக்கு எங்க போகணும்னு ஆசை?" என்று கேட்டார்.

"பெருசா ஒண்ணும் இல்ல மேடம். பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் என் சிநேகிதி தையல் கடை வச்சிருக்கா. முன்னெல்லாம் சாயங்காலம் அங்க போய் உக்காந்து ஊர்க்கதை பேசுவோம். இந்த மாதிரி மேட்டையெல்லாம் யாராவது சொல்லிச் சரி பண்ணிக் குடுத்தா நானே நடந்து போயிடுவேன். அதான் அந்த அறிவிப்பப் பாத்ததும் இவர்கிட்ட எடுத்து வச்சேன். இவருக்குத்தான் பேச வருமே."

மாஸ்டர் நிறுத்தத்தின் கம்பத்தைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"அடுத்த வாரம் நீங்க வகுப்புக்கு வர முடியுமா?" என்றார் பயிற்சியாளர்.

"வரேன். நடந்து வர்றேன். முன்னாடியே கெளம்பிடுறேன்."

மாஸ்டரின் நடைக்குப் பயிற்சியாளர் எவ்வித மதிப்பீடும் கூறவில்லை. கேட்கும் துணிவு மாஸ்டருக்கும் இல்லை. மற்றவர்கள் விடைபெற்றுக் கலைந்தனர். மைத்துனர் தடியை உரியவரிடம் சேர்ப்பதாகக் கூறி முதல் ஆளாகக் கழன்றுகொண்டார்.

"இங்கயே உக்காந்திரு. ஓடிப் போய்க் காரை எடுத்துட்டு வந்துடுறேன்" என்றார் மாஸ்டர்.

"வேணாம். நடந்தே வரேன். நீங்க முன்னாடி போங்க. பழக்கந்தானே."

அவர் முன்னே போகவில்லை. போவதற்குக் கால் எழுந்தது. எழுந்த காலை அதே இடத்தில் வைத்துக்கொண்டார். மனைவி நகர்ந்த பின்னர் அவர் பின்னே நடந்தார். பக்கத்தில் நடக்க நடைபாதையில் இடமில்லை. இருந்திருந்தாலும் பக்கத்தில் வரும்படி அம்மையார் அழைத்திருப்பாரா என்பது ஐயமே. தேநீர்க் கடையைக் கடந்தபோது மாஸ்டரின் காது மடல்கள் சுட்டன. உள்ளிருந்து எவரோ அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். அவர் கேட்காதவர்போல் நடைச்சட்டத்தின் ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தார்.

வீட்டு வாசலில் இரண்டு படிகள். மனைவி முதற்படியில் சட்டத்தை ஏற்றி வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற மாஸ்டரின் கண்கள், அவ்வளவு நடந்த பிறகும், பழகிய வழியே திரும்பி எதிர்வீட்டு மாடியை ஒருமுறை பார்த்துவிட்டன. பார்த்ததை உணர்ந்து அவர் தலைகுனிந்தார்.

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினார்.

"யாரும் இல்ல. பயப்படாம வாங்க."