நூறாவது பத்திரம்

டிசம்பர் முப்பத்தொன்று, பிற்பகல் மூன்று நாற்பது.

ஷாட்டெக் ஊராட்சி அலுவலகத்தில் க்ளார்க் கேத்தி மக்கள் பதிவேட்டை மூன்றாம் முறையாகக் கூட்டினாள். தொண்ணூற்றொன்பது. நான்கு மணிக்கு அலுவலகம் மூடும். அதற்குள் நூறு ஆகாவிட்டால் வசந்தத்திலிருந்து பஸ் கிடையாது. நூறு பேர் குடியிருக்கும் ஊருக்குத்தான் பஸ் என்று மேலிடம் எழுதிவிட்டது. கேத்திக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நூறாவது ஆள் எங்கோ தூரத்தில் இல்லை. அவள் வீட்டில்தான் இருந்தான். தச்சன் நோல்டி, பதினோரு வருடமாக அவளோடு ஒரே வீட்டில். ஆனால் அவனுடைய ஊர்ப் பத்திரம் கீழே லிண்ட்வில் நகரத்தில் கிடந்தது. ஆளுக்கு ஒரு பத்திரம். அது எந்த அலுவலகத்தின் அலமாரியில் இருக்கிறதோ அந்த ஊர்க்காரன். வேறிடத்தில் தங்குகிறவன் வருடத்துக்கு ஒருமுறை தன் ஊரிலிருந்து வாரத்தங்கல் சீட்டு வாங்கி வந்து நீட்டினால் போதும். நோல்டி பதினோரு சீட்டு நீட்டியிருந்தான்.

காரணம், மேளம். லிண்ட்வில் திருவிழாக் குழுவின் பெரிய மேளத்தை அவன்தான் அடித்தான். பத்திரம் அங்கே இருப்பவன் மட்டுமே அதைத் தொடலாம் என்பது குழுவின் விதி. அதனால் கேத்தி ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது பத்திரமா என்பது அவள் எண்ணம். இன்று காலை ஏழு மணி பஸ்ஸில் அவன் மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனபோதும், "ஒத்திகையா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையை எப்படியோ ஆட்டினான்.

கதவு திறந்தது. நோல்டி. பூட்ஸில் பனி. கையில் மேளம் இல்லை.

"மேளம் எங்கே?"

"குடுத்துட்டேன். குச்சி மட்டும் என்னோடது." மேல்கோட்டுப் பையிலிருந்து இரண்டு குச்சிகள் எட்டிப் பார்த்தன. அவன் ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். "பதிஞ்சுக்க."

கேத்தி தொண்டையைச் செருமிக்கொண்டாள். மேசைக்கு இந்தப் பக்கம் அவள் யாரையும் நீ என்று சொல்வதில்லை.

"குடுங்க, பாக்கறேன்."

உறையைப் பிரித்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது வாரத்தங்கல் சீட்டு."

"என்னது?"

"பன்னெண்டாவது சீட்டு. நீங்க அங்க என்ன கேட்டீங்க?"

"கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள அங்க இருக்கற க்ளார்க் ஸ்பிண்டென் உறைய நீட்டிட்டாரு. புது வருஷ வாழ்த்துகள்னாரு. நானும் பதிலுக்குச் சொன்னேன். அவரு குடும்பம், பிள்ளைங்கன்னு விசாரிச்சேன். அப்புறம் எப்படிக் கேக்கறது? வந்துட்டேன்."

"பிரிச்சுக்கூடப் பாக்கலையா?"

"ஒட்டியிருந்துச்சே."

கேத்தி போனை எடுத்தாள். லிண்ட்வில்லில் ஸ்பிண்டென் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, பதினோரு வருஷமா டிசம்பர்ல வர்றாரு. அவரு முகத்தப் பாத்தாலே என் கை சீட்டு அடிச்சுரும். இப்ப பத்திரமே வேணுமா? நெசமாவா? ஷாட்டெக்குக்கா? மேளத்த யாரு அடிப்பா?"

"அது உங்க ஊர்ப் பாடு. பஸ் மூணு அம்பத்தஞ்சுக்கு, டிரைவர்கிட்ட குடுத்து விடுங்க."

"ஓடறேன்மா."

பஸ் மேலே ஏறி வர ஐம்பது நிமிடம். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பத்தாறு காட்டியது. நோல்டி குல்லாயை எடுத்தான்.

"நான் வீட்டுக்குப் போயி அடுப்ப மூட்டறேன். வந்ததும் கூப்பிடு."

"கதவத் தாண்டாதீங்க."

அவள் வாசல் பலகையைக் காட்டினாள். எட்டு வருடம் முன்பு அவளே எழுதியது: நான்கு மணிக்கு முன் உள்ளே வந்தவரின் வேலை முடியும்வரை அலுவலகம் திறந்திருக்கும்.

"வெளிய போனா நாளைக்குத்தான்."

"நாளைக்கு அடுத்த வருஷம்."

"அதான் சொல்றேன், நில்லுங்க."

"உக்காரலாமா?"

"அதுக்குத் தடையில்ல."

நாற்காலி இல்லை. அவன் நின்றான். நான்கு அடித்தது. அவள் கதவைத் தாழிட்டாள். அவன் குச்சிகளை எடுத்து மேசை விளிம்பில் மெல்லத் தட்ட ஆரம்பித்தான். அரசு மேசையைத் தட்டக் கூடாது என்று சொல்ல நினைத்தாள். சற்று நேரம் கழித்து, அவள் கால் மேசைக்கு அடியில் அதே தாளத்துக்கு ஆடுவதைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

நான்கு நாற்பத்தெட்டுக்கு ஹாரன் கேட்டது. பஸ் டிரைவர் கௌடென்ஸ் ஜன்னலைத் தட்டினான். திறந்ததும் உறையும் அவன் தலையும் ஒன்றாக உள்ளே வந்தன.

"க்ளார்க் அம்மா, ஸ்பிண்டென் வழுக்கி வுழுந்து எழுந்து வந்து குடுத்தாரு. இதுல என்ன இருக்கு, தங்கமா?"

"உங்க வேலை இருக்கு."

கௌடென்ஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பத்திரம் சரியாக இருந்தது. நீல முத்திரை, மடிப்பு கலையாத தாள், ஓரத்தில் சேறு. கேத்தி புதிய படிவத்தைத் தட்டச்சில் சொருகினாள். பெயர். பிறந்த நாள். தொழில். வந்த நாள். விரல்கள் வேகமாக ஓடின. அடுத்த வரியில் நின்றன.

"வீட்டு உரிமையாளருக்கு என்ன உறவு?" என்று படித்தாள்.

"சீட்டப் பதியறப்ப வருஷா வருஷம் என்ன அடிச்ச?"

"வாடகைக்கு இருப்பவர்."

ஜன்னலில் கௌடென்ஸ் சிரித்துவிட்டான். "ரெண்டு கூரையும் கோழிக்கூடும் போட்டுக் குடுத்தவன் வாடகைக்காரனா?"

"நீ சும்மா இரு," என்றான் நோல்டி. அவன் காது சிவந்திருந்தது. குச்சிகளைப் பையில் போட்டான். "பதினோரு வருஷத்துல ஒரு தடவை வாடகை கேட்டிருப்பியா நீ?"

கேத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சரி, நோல்டி. அப்ப நீயே சொல்லு, இதுல என்னன்னு அடிக்கட்டும்?"