வயித்தெரிச்சலில் சூடாகும் வீடு

நோர்வேயின் வடக்கே ஒரு சின்னப் பட்டினத்தில் புனிதவதி குடியிருந்த மாடிக் கட்டிடத்தில் ஹீற்றர் கிடையாது. குடியிருக்கிறவர்களின் வயித்தெரிச்சலில்தான் வீடுகள் சூடாயின. சுவர் ஒரு முழத் தடிப்பு, யன்னலுக்கு மூன்று கண்ணாடி, கதவிடுக்கில் ஒரு மயிர் நுழையாது. உள்ளே பிறந்த சூடு வெளியே போகாது. ஆனால் பிறக்க வேண்டுமே! அன்பை வைத்துப் பார்த்தார்களாம், ஒரு பல்ப் அளவுக்குத்தான் வந்ததாம். கோபம் வைக்கோல் நெருப்பு, பொங்கி அணைந்துவிடும். வயித்தெரிச்சல் அப்படியில்லை. உமி மாதிரி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு வருடக்கணக்காய்க் கிடக்கும்.

முதலில் அந்த ஊர்க்காரர்கள் தாங்களே குடியிருந்து பார்த்தார்கள். ஐப்பசி பிறக்கமுதல் அத்தனை பேரும் சமாதானமாகி, நடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அதன்பிறகு வீடுகளை எங்கள் தமிழ் ஆட்களுக்குக் கொடுத்தார்கள். நேர்முகத்தில் ஒரே கேள்விதான்: யாரோடு, எத்தனை வருடமாக?

புனிதவதியின் புருசன் திருச்செல்வம் வாயைத் திறந்த உடனேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அவனுடைய எரிச்சல் அப்படி. தாய் செத்தபோது கொக்குவிலில் இருக்கிற அண்ணன் அருளம்பலம் மரண அறிவித்தல் போட்டார். அதில் பிள்ளைகளின் பெயர் வரிசையில் காலஞ்சென்ற அக்கா மங்கையற்கரசி இருந்தாள், திரு அருளம்பலம் இருந்தார், திருச்செல்வம் இல்லை.

“செத்த அக்காவின்ர பேர் இருக்கு. உயிரோட இருக்கிற என்ர பேர் இல்லை. அதுக்குள்ள தனக்கு மட்டும் ஒரு ‘திரு’! பெத்த தாயின்ர செத்தவீட்டிலையும் துரைக்கு மரியாதை வேணுமாம்” என்பான்.

அந்த அறிவித்தலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மற்ற வீடுகளில் கொதிகலன் நிற்கிற அலுமாரிக்குள் மாட்டியிருந்தான். காலையில் வேலைக்குப் போகமுன் அலுமாரியைத் திறந்து ஒருதரம் வாசிப்பான். வீடு இருபத்திரண்டு பாகைக்கு வந்துவிடும். புனிதவதி கிழமைக்கொருதரம் சட்டத்தைத் தூசு தட்டுவாள். அவளுக்கு யாரோடும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. படிவத்தில் அவள் பெயருக்கு நேரே கோடு போட்டிருந்தார்கள்.

மேல்வீட்டுத் தர்சிகாவுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்தான். பாவம், அவளுக்கும் பெரிய எரிச்சல் கிடையாது. மச்சாளின் சாமத்தியவீட்டுச் சடங்கில் இரண்டாம் வரிசையில் இருத்திவிட்டார்கள் என்று ஒரு சின்னக் குறை, அதுவும் ஆறிக்கொண்டு வந்தது. திருச்செல்வத்தின் சூடு மேலே ஏறித்தான் அந்தக் குழந்தை பிழைத்துக் கிடந்தது. தர்சிகா படியிறங்கி வந்து கேட்பாள்: “அக்கா, நேற்றுக் கொஞ்சம் குறைஞ்சமாதிரிக் கிடந்தது. அண்ணைக்குச் சுகமில்லையோ?”

தை மாதம், வெளியே மைனஸ் இருபத்துநாலு. வீட்டுச் சூட்டை அளவெடுக்கிற இங்கிரிட் அந்தக் கிழமைக்குள் வருவதாகச் சொல்லியிருந்தாள். பதினெட்டுக்குக் கீழே போனால் ஒரு கிழமைக்குள் வீட்டை விடவேண்டும், அது சட்டம். அன்று மத்தியானம் திருச்செல்வம் வேலையில் நிற்கும்போது போன் வந்தது. அருளம்பலத்தின் மகள் நிரோஜினி.

“சித்தி, அப்பாவுக்கு ஏலாது. டொக்டர் ரெண்டு நாள் எண்டுறார். உங்களோட கதைக்கோணுமாம்.”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அருளம்பலத்தின் குரல் இழுத்து இழுத்து வந்தது. “புனிதம், அவன்ர பேரை நான் விடேல்லை. போன கிழமைதான் இதிலை படுத்துக்கிடந்து அந்த அறிவித்தலைத் திருப்பி வாசிச்சனான். நான் பேப்பருக்குப் போனிலை பேர் சொல்லேக்கை ‘திரு, அருளம்பலம்’ எண்டு சொன்னனான். வீட்டிலை அவனைத் திரு எண்டுதானே கூப்பிடுறது. சின்னவன் எனக்கு முன்னாலை நிக்கட்டும் எண்டு நினைச்சன். எழுதினவன் அவனை என்ர பேரோட ஒட்டிப்போட்டான். ஒருக்கா அவனைக் கதைக்கச் சொல்லு, பிள்ளை.”

புனிதவதி போனை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தாள். ‘திரு’ என்று அவன் இருந்தான். ஏழு வருடமாக அண்ணனுக்கு முன்னால் மூன்று எழுத்துக்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு சொல் காதில் போட்டால் போதும், அந்த மனுசன் உருகிப்போய்விடுவான். வீடும் உறைந்துவிடும். மேலே குழந்தை அப்போதுதான் எழும்பிச் சிணுங்கியது.

பின்னேரம் திருச்செல்வம் வந்து சப்பாத்தைக் கழற்றினான். “ஆரும் போன் எடுத்ததோ?”

“இல்லை” என்றாள்.

இரண்டு நாள் என்றார் டொக்டர், அருளம்பலம் மூன்று நாள் காத்திருந்தார். பிறகு நிரோஜினி அழுதபடி எடுத்தாள். “சித்தி, அறிவித்தல் போடப்போறம். சித்தப்பாவின்ர பேரை முதலாவதாப் போடச்சொல்லி அப்பா சொன்னவர்.”

“போடாதை, பிள்ளை.”

“ஏன் சித்தி?”

“இஞ்சை சரியான குளிர்.”

“சரி சித்தி” என்றாள் நிரோஜினி.

அறிவித்தலைத் திருச்செல்வம் போனில் பார்த்தான். மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் விரலால் தள்ளினான். “செத்தும் விடேல்லைப் பார்!” என்றான். அண்ணன் செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வீடு இருபத்தாறுக்குப் போனது. மேலே குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கைகாலை ஆட்டிச் சிரித்ததாகத் தர்சிகா வந்து சொன்னாள். இங்கிரிட் கருவியைப் பார்த்து, “நல்ல வயித்தெரிஷல்” என்று எங்கள் சொல்லாலேயே மெச்சி, இன்னும் பத்து வருடத்துக்கு வீட்டை எழுதிக் கொடுத்தாள். கட்டிடம் முழுக்கக் கைவைத்த பனியனோடு திரிந்தது.

புனிதவதி குசினியில் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்தில் மட்டும், கூரைக்கும் தலைக்கும் நடுவிலிருந்து, பனி பெய்யத் தொடங்கியது. தலைமயிரிலும் தோளிலும் மெதுவாகப் படிந்தது. மேசையிலிருந்த திருச்செல்வம் நிமிராமலே சொன்னான்:

“சட்டியை மூடு, புனிதம். குழம்புக்குள்ள விழுது.”

அவள் மூடினாள்.