விண்ணரசி எழுதுகிறார்

கடலை எங்கள் இளைஞர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தது நான்தான். ஊரில் ஒருவரையும் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. சிப்பித்துறையில் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் அறுபத்தோரு பேர் இருந்தோம். அத்தனை பேரையும் சேர்த்த பிறகு கடல் மட்டும் மிச்சம் இருந்தது. அதன் வயது பற்றி ஒரு கேள்வி எழுந்தது. பார்த்தால் அவ்வளவு தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய போன் ஒன்றைப் பாலித்தீன் பையில் சுற்றி ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் உயர ஆழத்தில் இறக்கிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கடல் இணைந்திருந்தது.

குறை சொல்ல முடியாத உறுப்பினர். ஏற்றத்தின்போது ஒரு வணக்கம், வற்றும்போது ஒரு வணக்கம். குழுவில் ஃபார்வர்டு அனுப்பாத ஒரே ஆள் அதுதான். விதிகளையும் எங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தது.

விதி மூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழுவில் ஒருவர் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று பச்சையாகத் தெரிந்தால், அவர் முடிக்கும்வரை வேறு யாரும் குறுக்கே வரக்கூடாது. இது விண்ணரசிக்காக வந்த விதி. அவளுக்குப் பிறவியிலிருந்தே கை நடுங்கும், பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். முன்பெல்லாம் கூட்டத்தில் அவள் வாய் திறப்பதற்குள் தேநீர் தீர்ந்து எல்லோரும் எழுந்திருப்பார்கள். குழுவிலும் அதே கதைதான். விரல் முட்டியால் அவள் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நாங்கள் மூன்று விஷயத்தைத் தாண்டியிருப்போம். மன்றக் கட்டடத்துக்கு நான்கு படி வைப்பது என்று முடிவு செய்த அன்றும் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். நான் வழக்கம்போலக் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் பேச்சை முடித்தேன். ‘படி வேண்டாம், சரிவு வையுங்கள்’ என்ற அவள் செய்தி பிறகு வந்தது. அவளுடைய சக்கர நாற்காலி இன்றுவரை அந்தக் கட்டடத்துக்குள் போனதில்லை.

விதி மூன்றை எதிர்த்தது நான் ஒருவன் மட்டும். எனக்குப் பொறுமை கிடையாது. சோறு வேகும்வரைகூட அடுப்படியில் நிற்க மாட்டேன்.

மன்றத்துக்குத் தலைவர் தேர்தல் வியாழக்கிழமை பத்து மணிக்குக் குழுவிலேயே நடப்பதாக இருந்தது. நின்றவர்கள் இரண்டு பேர், நானும் விண்ணரசியும். பத்து மணிக்கு நான் என் அறிக்கையைப் போட்டேன். பத்து பத்துக்கு அவள் எழுத ஆரம்பித்தாள். பத்து பன்னிரண்டுக்குக் கடல் எழுந்தது.

கோயில் கோபுர மணி தொங்குகிற உயரத்துக்கு எழுந்து, கரைக்கு இருபது அடி முன்னால் அலை அப்படியே நின்றது. அதற்கும் ஏதோ சொல்ல இருந்திருக்கிறது. ஆனால் விண்ணரசி எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று தெருக்களில் நிழல் விழுந்தது. வெயில் போய்விட்டதால் பெண்கள் கருவாட்டை அள்ளிக் கூடையில் போட்டார்கள்.

நான் விண்ணரசியின் வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலில், நாற்காலியின் பலகையில் போனை வைத்து, குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

“எவ்வளவு எழுதியிருக்க?”

“ஒரு... வரி.”

“முடிச்சிட்டா அடுத்தது அதுதான் பேசும். நீ முடிச்சிராத.”

“முடிக்க மாட்டேன். ஊர்ல... எத்தன வீடு?”

“எண்பத்தாறு.”

“அப்ப எண்பத்தாறு... வரி. பேரு வந்த வீடு... தேரி மேல ஏறட்டும். நீ பாத்துப் பாத்து... போய்ச் சொல்லு.”

தேரி என்பது ஊருக்குப் பின்னால் இருக்கும் செம்மண் மேடு. விண்ணரசி எழுதும் பட்டியலில் பெயர் வராமல் ஊரைவிட்டுக் கிளம்புவது முறையில்லை என்பதால் யாரும் அவசரப்படவில்லை. குழுவிலும் யாரும் எதுவும் எழுத முடியாது. ஓடுவதற்கு நான்தான் இருந்தேன். அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு பெயர் முடிவதைப் பார்ப்பேன், ஓடுவேன், சொல்வேன், திரும்பி வருவேன். ஒரு பெயருக்கு மூன்று நிமிடம்.

எங்கள் ஊரில் வீட்டைப் பூட்டுவதில்லை. உப்புக் காற்றில் பூட்டு ஒரே நாளில் இறுகிவிடும். வெளியூர் போகிறவர்கள் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். அன்றும் பெயர் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தலையில் வைத்துக்கொண்டு தேரி ஏறினார்கள்.

முதல் தெருவில் பிலோமி அக்காள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு படகு நிறுத்துகிற இடம்தான் இருந்தது.

“எம் பேரு வந்துச்சா ரெமி?”

“இன்னும் இல்லக்கா. உங்களுக்கு முன்னால பதினாலு வீடு.”

“சரி, அதுக்குள்ள உலையில அரிசியப் போட்டுருதேன்.”

நாற்பதாவது பெயரில் விண்ணரசியின் கை பிடித்துக்கொண்டது. விரல்கள் மடங்கி நின்றுவிட்டன. பச்சை எழுத்து மறைந்தது. நான்கு விநாடிதான் இருக்கும். கரைப் பக்கமிருந்து பாத்திரம் நகர்த்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவள் தலையைக் கவிழ்த்து முகவாயால் ஓர் எழுத்தைத் தொட்டாள். பச்சை திரும்பி வந்தது. அலை ஒரு சாண் முன்னால் வந்து நின்றிருந்தது.

“மெல்ல எழுது,” என்றேன். அவளிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அறுபத்தேழாவது பெயர் மரிய மிக்கேல் ராயப்பன் குடும்பம். நீளமான பெயர். முடியும்வரை நிற்காமல் கிளம்பிவிட்ட நான் பாதித் தெருவில் நின்று, அவள் இன்னும் எழுதுகிறாளா என்று என் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று. ஆறு நிமிடம் ஆயிற்று. இத்தனை வருடப் பழக்கத்தில் என் கட்டைவிரல் தானாகப் போய்க் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டது.

ஒருவன் குறுக்கே வந்துவிட்டதால் தானும் வரலாம் என்று கடல் எடுத்துக்கொண்டது. அலையின் தலை வளைந்தது. முதல் தெருவின் கூரைகள்மேல் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அந்தத் தெருவில் இன்னும் ஆறு வீடு பாக்கி.

குறுக்கே வந்தவன் குழுவில் இல்லாமல் போனால் குறுக்கீடும் இல்லாமல் போகும். நான் வெளியேறினேன். ‘ரெமிஜியுஸ் வெளியேறினார்’ என்று எல்லோர் போனிலும் வந்திருக்கும். அலை வளைந்தபடியே நின்றுவிட்டது. குழுவில் இல்லாதவன் தேர்தலிலும் இல்லை. விண்ணரசி தலைவரானாள். அவளிடம் போய் இதைச் சொன்னேன்.

“சரி,” என்றாள். “ராயப்பன் வீட்டுல... சொல்லிட்டியா?”

சொல்லியிருக்கவில்லை. ஓடினேன்.

எண்பத்தைந்தாவது வீடும் ஏறியபோது மணி இரண்டரை இருக்கும். பாக்கி அவள் வீடுதான். அவளுடைய அம்மா கதவோடு முன்னால் போனாள். நான் நாற்காலியைத் தள்ளினேன். அவள் தன் பெயரை எழுதத் தொடங்கியிருந்தாள்.

தேரியின் அடிவாரத்தில் சக்கரம் மணலில் புதைந்தது. தள்ளத் தள்ள இறங்கியது. தூக்கலாம் என்று குனிந்தேன்.

“தூக்காத. கை... ஆடிரும்.”

“அப்ப என்ன செய்ய?”

அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘விண்ண’ வரை வந்திருந்தாள். திரும்பிப் பார்த்தேன். அலைக்கு அடியில் எங்கள் ஊர் கதவில்லாத எண்பத்தாறு வாசலோடு இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே நின்ற பிலோமி அக்காள் தன் கதவைச் சரிவில் போட்டாள். அதன் நுனியில் ராயப்பன் தன் கதவைப் போட்டார். பிறகு எல்லோரும் போட்டார்கள். தேரி உச்சியிலிருந்து நாற்காலிச் சக்கரம் வரை எண்பத்தாறு கதவுகள் ஒரே சரிவாக இறங்கி வந்தன. நான் தள்ளினேன். சக்கரம் பச்சைக் கதவில், நீலக் கதவில், சிலுவை வரைந்த கதவில் உருண்டு ஏறியது. உச்சியில் அவள் ‘சி’யைத் தொட்டாள். ஒருமுறை முழுவதையும் படித்துப் பார்த்தாள். பிறகு அனுப்பினாள்.

கடல் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. அலையும் விழுந்தது.

தண்ணீர் பதினோரு நிமிடம் ஊருக்குள் இருந்துவிட்டு இறங்கியது. வாசல்களில் கதவில்லாததால் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்விட்டது. மன்றத்தின் நான்கு படிகள் மட்டும் காணவில்லை. அந்த இடத்தில் மணல் சீராகச் சரிந்திருந்தது.

ஊருக்குத் திரும்புவது குழுவில் முடிவாக வேண்டிய விஷயம். தலைவர் என்ற முறையில் விண்ணரசி அதைக் கேட்கப் போனாள். அதற்குள் கடல் எழுத ஆரம்பித்துவிட்டது.

இன்றோடு பதினேழு நாள். பச்சை எழுத்து ஒரு தடவைகூட மறையவில்லை. அறுபது பேரும் அவரவர் வீட்டாரும் தேரி மேல் கதவுகளில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். நான் உறுப்பினன் இல்லை என்பதால் கீழே போய்வரலாம். காலையிலும் மாலையிலும் ஊருக்குள் போய்த் தேநீர் போட்டு எல்லோருக்கும் தூக்கிக்கொண்டு வருகிறேன். முதல் தம்ளர் விண்ணரசிக்கு. அவள் குடித்து முடிக்க நேரமாகும். முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.