மூன்றாம் முறை தேய்ந்த பேரிங்

என் பட்டறைக்கு வந்த இன்ஜின் ஓடாமல் திரும்பிப் போனதில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இருபத்து மூன்று வருடமாக ஸ்பேனர் பிடிக்கிற கை இது. ஊரே என்னை மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடும். என் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார், ஆனால் அதில் பாதி கேலி இருக்கும்.

அப்படிப்பட்ட என் மானத்தை வாங்க என் வீட்டிலேயே ஒரு வண்டி இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும், ராணுவம் கழித்துப் போட்ட வண்டி, வயதில் எனக்கு மூத்தது. மலைமேல் இருக்கிற மின்கோபுரங்களைப் பழுதுபார்க்கப் போகிறவர்களை என் கணவர் அதில்தான் ஏற்றிக்கொண்டு போவார். மற்ற வண்டிகளெல்லாம் அந்த ஏற்றத்தில் பாதியிலேயே படுத்துவிடும். நம் வண்டியோ ஆறு வருடத்தில் மூன்றாவது முறையாக மெயின் பேரிங்கைத் தின்று தீர்த்திருந்தது. இன்ஜினுக்கு முதுகெலும்பாக ஒரு கிராங்க் உண்டு. அது சுழல்வது அந்த பேரிங்குகளில்தான். அவை தேய்ந்தால் வண்டி வெறும் இரும்பு.

இதற்கு அச்சு அசலாக இன்னொரு வண்டி என் அண்ணனிடம் இருக்கிறது. அவரும் என் கணவரும் ஒரே ஏலத்தில் சேர்ந்து எடுத்தார்கள். இரண்டு இன்ஜினையும் ஒரே வாரத்தில், ஒரே மேஜையில் பிரித்துக் கோத்தவள் நான். பேரிங் வாங்கி வந்தவர் என் கணவர். வருடம் திரும்புவதற்குள் இரண்டு வண்டியும் படுத்துக்கொண்டன. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர், தன் வாய்க்கு மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. "என் தங்கச்சி கை தப்பு பண்ணாது. மாப்பிள்ளைதான் டூப்ளிகேட் பேரிங்கைத் தலையில கட்டிட்டாரு" என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். என் கணவர் எழுந்து போனார்.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நான் மத்தளம் ஆனேன், இரண்டு பக்கமும் இடி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அண்ணன் சொன்னதைத்தான் நானும் மனதுக்குள் நம்பினேன். எந்தக் கடைக்காரனோ இவரை ஏமாற்றியிருப்பான் என்று எண்ணினேன். அடுத்த இரண்டு முறை நானே வாங்கிப் போட்ட பேரிங்குகளும் தேய்ந்தபோது, வண்டி செய்த கம்பெனியை மூடிய பிறகு சந்தையில் வருவதெல்லாம் போலிதான் என்று முடிவு கட்டினேன். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமில்லாத அசல் பேரிங்கைத் தேடிப் பிடித்துப் போடுவது, வண்டியை ஓட்டிக் காட்டுவது, அந்தச் சாக்கில் இரண்டு பேரையும் பேசவைப்பது. இதுதான் என் திட்டம்.

பதினொரு கடைக்குப் போன் போட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் டிராக்டர் பேரிங்கை அரத்தால் ராவிப் போடச் சொன்னார். ஒருவர் ஒன்பது நாளாக "நாளைக்குப் பாருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது ஆள் தூரத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருப்பவர். குரலைக் கேட்டதுமே விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தது.

"ரெண்டு விதம் இருக்கும்மா, முதல்ல வந்த இன்ஜினுக்கு ஒண்ணு, பின்னாடி வந்ததுக்கு ஒண்ணு. ரெண்டும் பிரிக்காத பெட்டியா வச்சிருக்கேன். உங்க இன்ஜின் நம்பரைச் சொல்லுங்க."

நம்பர் தகட்டைத் துரு தின்றிருந்தது. பதிவுப் புத்தகம் வீட்டில் இருந்தது.

"அதெல்லாம் வேணாம். பேரிங்கை அமுக்கிப் பிடிக்கற கேப் மூணு இருக்கு இல்ல? அதோட ஓரத்துல நம்பரோட கடைசி மூணு எண்ணை அடிச்சிருப்பான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேய்த்தேன். பல வருடத்துக் கரி உதிர்ந்தது. முதல் கேப்பில் 392. மூன்றாவதில் 392. நடுவில் இருந்ததில் 417.

"அப்படின்னா நடுவுல இருக்கறது வேற இன்ஜினோடது" என்றார் அவர். "கேப்பும் அது உக்கார்ற இன்ஜின் பிளாக்கும் ஜோடிம்மா, ஒண்ணா வச்சுத்தான் துளையைக் கடைவாங்க. மாத்திப் போட்டா மயிரிழை வித்தியாசம் போதும், தங்கத்துல பேரிங் செஞ்சு போட்டாலும் தாங்காது. எந்தக் கத்துக்குட்டி கோத்தது இதை?"

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

417 அண்ணன் வண்டி. அதன் பதிவுத் தாளை நிரப்பியவளே நான்தான். இரண்டு நடுக் கேப்பிலும் பெரிதாகத் தெரிவது 2 என்ற எண் மட்டும். ஒரே மேஜையில் கழுவி வைத்தபோது மாற்றி எடுத்திருக்கிறேன். அன்றைக்குக் கிராங்கைச் சுற்றும்போது இறுக்கமாக இருந்ததும் ஞாபகம் வந்தது. "புது வேலை, ஓட ஓட இளகிடும்" என்று சொன்னதும் நான்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆறு வருடமாக நான் பேரிங் கோணல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் காது சூடானது.

யாரிடமும் மூச்சுவிடாமல் மாற்றிப் போட்டிருக்கலாம். என் பெயரும் கெடாது, வண்டியும் ஓடும். ஆனால் என் கணவர் மேல் விழுந்த பழி அப்படியே கிடக்கும். கேப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவர் வண்டி கொட்டகையில் தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. "டார்ச்சைப் பிடிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடியில் புகுந்தேன். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினேன், நடுக் கேப்பைக் கழற்றினேன், அவர் கண் முன்னாலேயே தேய்த்தேன். 392.

"கம்பெனியிலயே தப்பா அடிச்சிருப்பான்" என்றார் அண்ணன்.

"கம்பெனி பண்ற தப்பு எங்க வீட்டுக்கும் உங்க வீட்டுக்கும் பார்த்துப் பார்த்தா மாறி வரும்?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார். "யானைக்கும் அடி சறுக்கும். பேசாம மாட்டிட்டு விடு. வெளியில தெரிஞ்சா உன் பட்டறைக்கு எவன் வருவான்?"

"வர்றவன் வரட்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடமா இன்னும் எத்தனை நாள் இருக்கறது? காரை எடுங்க."

இரண்டு பிரேக் வைத்த அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரில் வந்தோம். வழியெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. அது உலக அதிசயம். என் கணவர் பட்டறையில் மண்ணெண்ணெயில் போல்ட் கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் கதவருகிலேயே நின்றுவிட்டார். நான் இரண்டு கேப்பையும் மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். "தப்பு பேரிங்ல இல்லைங்க. என் கையில."

அவர் எண்களைப் பார்த்தார், தலையாட்டினார். ஆச்சரியப்படவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கேப் மாறினது தெரியாது. பேரிங் சுத்தமான சரக்குன்னு தெரியும். தேஞ்சதை எடுத்துட்டுப் போய் அதைச் செஞ்ச கம்பெனி ஆள்கிட்டயே காட்டினேன். எங்க சரக்குதான்னு எழுதியே குடுத்தான்."

"அப்ப அதை அண்ணன் மூஞ்சியில வீசியிருக்க வேண்டியதுதானே!"

"வீசியிருந்தா? பேரிங் நல்லது, வண்டியும் நல்லது. மிச்சம் யாரு இருக்கா?"

மிச்சம் இருந்தது நான்தான். அது புரிந்ததும் கோபம் வந்தது. "அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே பிரிச்சுப் பார்த்திருப்பேன் இல்ல? ஆறு வருஷம் என் தப்பைச் சுமக்கச் சொல்லி யார் கேட்டா? என்னைப் பத்தி அவ்வளவுதான் நினைச்சீங்களா?"

"நீ திட்டுவேன்னு தெரியும்" என்றார், போல்ட்டைத் துடைத்தபடி.

"என் கை தப்புன்னு தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் இன்ஜினை என்கிட்டயே பிரிக்கக் குடுத்தீங்க?"

"வேற யார்கிட்ட குடுக்கறது? ஊர்ல இன்ஜின் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே, மேஸ்திரியம்மா."

அதில் கேலி துளிகூட இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிராங்கைத் தூக்கக் குனிந்தேன், ஒரு ஆளால் ஆகிற கனமில்லை. கதவருகில் நின்ற அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார். "மாப்பிள்ளை, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க" என்றார்.