குடை பணியில் இருக்கிறது

2003 ஜூன் மாதம் பிச்சுமணியின் குடைக்குப் பதவி உயர்வு கிடைத்தது, பிச்சுமணிக்குக் கிடைக்கவில்லை. தம்பானூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் இருபத்தொன்பது வருடமாகக் குமாஸ்தா. நாற்காலியில் குடை தொங்கினால் ஆள் வந்திருக்கிறார் என்று அங்கே அர்த்தம். அந்தத் தைரியத்தில் அவர் காபிக்கும் கல்யாணங்களுக்கும், ஒருதரம் குடும்பத்தோடு கல்லாற்றில் குளிக்கவும் போய்வந்தார். சாக்கைப் பார்த்தே சரக்கை விலை பேசுகிற சந்தை அது. ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்த ஜனவரியில்தான் மர மேசைகளை லாரியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடித் தடுப்புகளையும் கம்ப்யூட்டர்களையும் இறக்கினார்கள். நாற்பது பேருக்கு இருபத்தைந்து இருக்கை. எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. வாசல் மெஷீனில் அட்டையைக் காட்டிவிட்டு முதலில் வந்தவர் உட்காரலாம். மூன்று நாள் இடம் கிடைக்காதவருக்கு வடகோடிக் காசர்கோட்டுக்கு மாற்றல். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருக்கையில் மனைவி வாலாம்பாளைக் கரமனை வீட்டில் தனியே விட்டுப்போகப் பிச்சுமணிக்கு மனமில்லை. சாயங்காலம் கிளம்பும்போதே ஜன்னலோர நாற்காலியில் குடையை மாட்டிவிட்டு வந்தார்.

காலையில் மெஷீன் அவருக்குச் சிவப்பு விளக்குக் காட்டியது. உள்ளே திரையில் 'பிச்சுமணி, ஆஜர்' என்றிருந்தது. "சாரே, மெஷீனு குடைய எடுத்துக்கிட்டு, ஒங்கள எடுக்கமாட்டேங்கு," என்றாள் அட்டெண்டர் செல்லபாய். "நின்னு கால் கடுக்கவா? போய்ச் சாயா குடியுங்க."

லாபம்தான் என்று அவர் வீட்டில் படுத்துக்கொண்டார். பதினோரு வருடம் கிடந்த கோப்புகளைக் குடை இரண்டு மாதத்தில் முடித்தது. வெயில் காலத்திலும் அதன் நாற்காலிக்கடியில் மட்டும் தண்ணீர் தேங்கியது. செல்லபாய் தினமும் துடைத்தாள். மே மாதத்துக்குள் இருபத்தைந்து இருக்கையிலும் குடைகளே இருந்தன. ஊழியர்கள் எதிர்ச் சாயாக்கடையில் நின்றார்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைந்தது. மற்றவர்கள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

பதவி உயர்வுச் செய்தி கேட்டுப் பிச்சுமணி கொட்டும் இடவப்பாதிப் பருவமழையில் ஓடினார். கண்ணாடிக்குள்ளே குடைக்கு மாலை போட்டிருந்தது. "அது என்னுதாக்கும்," என்றார். "பிச்சுமணி சார் உள்ள மீட்டிங்கில இருக்கு. நீங்க ஆரு?" என்றாள் செல்லபாய். அவள் விளையாடவில்லை.

வீடு திரும்பியபோது குடை முந்தின பஸ்ஸிலேயே வந்து ஊஞ்சலில் இருந்தது. முன்னால் காபி ஆவி பறந்தது. வாலாம்பாள் வாசலுக்கு வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயோ, இப்படிச் சொட்டறதே. உள்ளே வந்தா தரையெல்லாம் ஜலமாயிடும்," என்று சட்டைக் காலரைப் பிடித்துக் கதவோர ஆணியில் மாட்டினாள். ஆணி தாங்கியது.

மறுநாள் மழை இல்லை. அதனால் அவரை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.