ஒப்படைத்துப் பெற்ற நிலம்

ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய களஞ்சியக் கட்டடத்தில் நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்த மாலையில் அந்த மனிதர் வந்தார். யாரும் அழைக்காமலே உள்ளே நுழைந்து, பின்வரிசைக் கதிரையொன்றில் அமர்ந்தார். தம் பெயர் ஜெமீல் என்றும், பாதுகாப்புப் பிரிவிலிருந்து வருவதாகவும், "சும்மா பார்த்துப் போக" விரும்புவதாகவும் கூறினார். சும்மா பார்க்க வருபவர்களை அந்த ஊர் நன்கு அறியும். நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஒத்திகையைப் பற்றி இவருக்குச் சொன்னது யார் என்னும் கேள்வி ஒவ்வொரு முகத்திலும் இருந்தது.

பூரணி எழுதி இயக்கிய அந்த நாடகம் அயர்லாந்தைப் பற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மன்னர், அயர்லாந்தின் குலத்தலைவர்களைப் போரிட்டு அடக்குவதற்குச் செலவு அதிகம் எனக் கண்டு, வேறொரு வழியைக் கைக்கொண்டார். தலைவன் தன் குலத்தின் நிலத்தை மன்னரிடம் ஒப்படைக்க வேண்டும்; மன்னர் அதே நிலத்தை, ஒரு பட்டத்தையும் சேர்த்து, அவனுக்கே மானியமாகத் திருப்பி வழங்குவார். முதற்காட்சியில் டோனல் என்னும் தலைவன் மண்டியிட்டு அவ்வாறு கொடுத்துப் பெறுகிறான். மூன்றாம் காட்சியில் அவனுடைய பேரன் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்படுகிறான்; கடல் கடந்து வந்த குடியேற்றக்காரர் அங்கே வீடு கட்டுகின்றனர்.

டோனலாக நடித்தவர் தவராசா. நிலாவெளியில் இரண்டு படகுகள் வைத்திருப்பவர். மன்னரின் பிரதிநிதியாகச் சிவப்பு அங்கி அணிந்து நடித்தவர் சோமசேகரம்; தவராசாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், இப்போது ஒரு ஹோட்டல் கம்பனியின் உள்ளூர் முகவர். கம்பனியின் வசமிருந்த அந்தக் களஞ்சியத்தை ஒத்திகைக்குப் பெற்றுத் தந்தவரும் அவரே.

இருவருக்குமிடையே நாடகத்துக்கு அப்பாலும் ஒரு விடயம் இருந்தது. தவராசாவுக்குத் தகப்பன்வழி வந்த கடற்கரைக் காணியைக் கம்பனி கேட்டிருந்தது. அவர் காணியைக் கம்பனியின் பெயருக்கு எழுதிக் கொடுப்பார். கம்பனி அங்கே விடுதிகளைக் கட்டி, அவரைப் பங்காளராக்கி, காணியையும் அவருக்கே நீண்டகாலக் குத்தகைக்குத் தரும். திங்கட்கிழமை, காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கையெழுத்திடுவதாக ஏற்பாடு. தவராசாவின் மனைவி நிரோஜினி அதற்கென்றே ஒரு புதுச்சேலை வாங்கி வைத்திருந்தாள்.

முதற்காட்சி முடிந்ததும் ஜெமீல் கையை உயர்த்தினார்.

"அயர்லாந்து எண்டு நீங்க எந்த இடத்தச் சொல்றீங்க?"

"அயர்லாந்தைத்தான் சொல்லுறன்," என்றார் பூரணி.

"மெய்யாவா?"

"ஓம். உலகப் படத்தில இருக்கு, தேடிப் பாருங்கோ."

"அந்த மன்னர் ஆரு?"

"இங்கிலாந்து மன்னர், சேர்," என்றார் சோமசேகரம். "பயப்பிடாதேங்கோ, அவர் முறைப்பாடு குடுக்க வரமாட்டார். செத்து நானூறு வருசத்துக்கு மேல."

எல்லோரும் சிரித்தனர். ஜெமீல் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, மண்டியிட்ட நிலையிலிருந்து இன்னும் எழாதிருந்த தவராசாவைச் சுட்டிக்காட்டினார்.

"இவர்ர ஆக்கள் அந்த நிலத்தில எவ்வளவு காலமா இருக்காங்க?"

"தலைமுறை தலைமுறையா," என்றார் பூரணி.

"அப்ப அது அவங்கடதானே. தங்கட சாமான என்னத்துக்கு இன்னொருத்தர்ர கையில குடுத்துட்டுத் திரும்ப வாங்கணும்? இதுக்குள்ள வேற ஏதோ கதை இருக்கு. நீங்க எனக்கு மறைக்கிறீங்க."

பூரணி வாய் திறப்பதற்குள் சோமசேகரம் முந்திக்கொண்டார். "மறைக்க என்ன இருக்கு, சேர்? பழைய உரித்துக்கு இந்தக் காலத்தில பெறுமதி இல்லை. பெரிய ஆக்கள்ர பேருக்குப் போய்த் திரும்பி வந்தா, அது பலமாகும். ஒருத்தரும் அசைக்க ஏலாது."

அந்த வசனம் நாடகப் பிரதியில் இல்லை. தவராசா அதை வேறிடத்தில் கேட்டிருந்தார். இரண்டு வாரங்களுக்கு முன், அவருடைய வீட்டு முற்றத்தில், நிரோஜினி கொடுத்த, பால் விடாத பிளேன்ரீயை உறிஞ்சியபடி சோமசேகரம் சொன்ன சொற்கள் அவை; ஒரு சொல்லும் மாறவில்லை.

"பலமாகுமெண்டா, மூண்டாம் காட்சியில பேரன ஏன் வெளியில போடுறாங்க?" என்று, பக்கத்துக் கதிரையில் கிடந்த நாடகப் பிரதியைப் புரட்டியபடி ஜெமீல் விடாமல் கேட்டார்.

"மானியத்தில நிபந்தனை இருக்கு," என்றார் பூரணி. "அதை மீறினதெண்டு குற்றம் சாட்டினவை. தன்ர நிலமா இருந்தபோது சண்டை பிடிச்சுத்தான் பறிக்கவேணும். மன்னர் தந்த நிலமா மாறின பிறகு, தந்தவரே திருப்பி எடுக்கலாம்."

ஜெமீல் தலையசைத்தார். நம்பியதற்கான அசைவாக அது தோன்றவில்லை.

தேநீர் இடைவேளையில் தவராசா அவரைத் தேடிச் சென்றார். உள்துறைமுகத்தில் ஓர் இழுவைப்படகு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

"சேர், அந்தக் கேள்வியை ஏன் கேட்டனீங்கள்? என்ர காணி விசயம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஜெமீலின் கண்கள் கூர்மையாயின. "எந்தக் காணி?"

தவராசா தம் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஒண்டுமில்லை, சேர்."

"எங்க இருக்கு அந்தக் காணி?"

"ஒண்டுமில்லை எண்டு சொன்னனான்தானே."

அவரிடமிருந்து விலகி வந்தபோது, சொல்லக்கூடாத ஒருவரிடம் வாய்விட்டதை நினைத்துத் தவராசா கூசினார். இந்த மனிதர் உண்மையிலேயே ஒன்றும் அறியாதவரா, அறிந்துகொண்டு நடிப்பவரா என்பதை அவரால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் கேள்வி யாருடையதாயினும், அதற்கு விடை தேவைப்பட்டது.

சோமசேகரம் படியில் அமர்ந்து, சிவப்பு அங்கியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"சேகரம், காணி என்ர பேரிலயே இருக்கட்டும். கம்பனிக்கு நான் குத்தகைக்குத் தாறன். முப்பது வருசமெண்டாலும் சரி. கட்டுற விடுதியைக் கட்டுங்கோ. பங்கு ஒண்டும் மாறத் தேவையில்லை."

"இதென்ன புதுக்கதை? திங்கட்கிழமை கையெழுத்து."

"வித்தியாசம் என்ன? நீதானே சொன்னனி, கடைசியில காணியில இருக்கப்போறது நான்தானெண்டு."

"கம்பனி அப்பிடி ஏற்காது."

"ஏன் ஏற்காது?"

"அது... அவையின்ர முறை."

"நான் குத்தகைக்காரனா இருக்கலாம், அவை இருக்க ஏலாதோ?"

சோமசேகரம் விசிறுவதை நிறுத்தினார். "அந்தப் பின்கதிரைக்காரன் உனக்கு ஏதும் ஓதினவனோ? எட பைத்தியம், அவன்ர தொழிலே சந்தேகப்படுறது!"

"அவரை விடு. என்ர குத்தகையில நிபந்தனை ஏதும் இருக்கோ?"

"எல்லாக் குத்தகையிலயும் இருக்கும்."

"மீறினா?"

சோமசேகரம் துறைமுகத்தின் பக்கம் திரும்பினார். இழுவைப்படகு போய் மறைந்துவிட்டிருந்தது. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பின்பு அங்கியைப் படியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளையிலயிருந்து இந்தக் கட்டடம் கம்பனிக்குத் தேவைப்படுதாம். பூரணி அக்காட்டச் சொல்லிவிடு."

இச்செய்தியைக் கேட்ட பூரணி, சினத்தோடு தவராசாவை நோக்கினார். மூன்று மாத உழைப்பு அது. "என்ன கதைச்சனீங்கள் அவரோட?" என்று கேட்டார். தவராசா சொன்னார். பூரணி, பிரதிநிதி வேடத்துக்கு வேறு யாரைப் பிடிக்கலாம் என்று மட்டும் கேட்டார்.

பஸ் நிலையத்தில் நிலாவெளிப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது நிரோஜினி தொலைபேசியில் அழைத்தாள். சோமசேகரம் முந்திக்கொண்டு அவளோடு பேசிவிட்டிருந்தார்.

"என்னப்பா, கையெழுத்து வைக்கமாட்டனெண்டு சொன்னீங்களாம்? ஆர் உங்களைக் குழப்பினது?"

"ஒருத்தரும் குழப்பேல்லை."

"அப்ப ஏன்? அவர் எங்களுக்கு அந்நியரே?"

"அந்நியரில்லை. அதாலதான் இவ்வளவு நாளும் கேக்காமல் இருந்திட்டன். இண்டைக்குக் கேட்டனான். அவருக்குப் பதில் சொல்ல ஏலாமல் போச்சு."

"என்ன கேட்டனீங்கள்?" என்றாள் நிரோஜினி. அவளுடைய குரலிலும் இப்போது ஒரு சந்தேகம் தொற்றியிருந்தது.