பட்டம் கட்டிய படம்

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில், பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை இருக்கிறது. கடைக்காரன் கோகுல்ராஜுக்கு அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முழுவதும் ஒரே ஆளோடு போனது. வந்தவள் தனப்பிரியா. சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில் அடிக்கிறவள். கையில் இருப்பது இரண்டு மாதச் சம்பளம்தான், அதற்கு மேல் புரட்ட வழியில்லை என்று படியேறி வந்ததுமே சொல்லிவிட்டாள்.

“அந்தக் காசுக்கு நல்ல பெரிய கேமராவே தாரேங்க. பழசுதான். ஆனா கல்யாணத்துக்கெல்லாம் இதைத்தான் தூக்கிட்டுப் போறாங்க.”

“பெருசு வேண்டாமுங்க. கைப்பைக்குள்ள போகோணும். பார்த்தா விளையாட்டுச் சாமானாட்டம் இருக்கோணும்.”

“என்னங்க, திருடப் போறாப்பல கேக்கறீங்க?”

“என்னோடதை ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டானுங்க. திருப்பி வாங்கப் போறேன்.”

கோகுல்ராஜ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் அலமாரியைத் திறந்து மூன்று மிரர்லெஸ் கேமராக்களை எடுத்து வைத்தான். மூன்றும் சிறியவை, ஒல்லியானவை, லென்ஸ் மாற்றக்கூடியவை.

முதலாவது பார்க்கப் புதிது போலவே இருந்தது. சத்தமே வராமல் படம் எடுக்கும் என்று கோகுல்ராஜ் பெருமையாகச் சொன்னான். தனப்பிரியா அதைச் சத்தமில்லாத முறையில் வைத்து, கடையின் எல்.இ.டி. விளக்கைப் பார்த்து ஒரு படம் எடுத்தாள். திரையில் படத்தின் குறுக்கே வரிக்குதிரை போலப் பட்டை பட்டையாக விழுந்திருந்தது. மண்டப மேடைகளில் இப்போதெல்லாம் இந்த விளக்குகள்தான். அதை ஓரமாக நகர்த்தி வைத்தாள். இரண்டாவதன் லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். உள்ளே சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. “இது கொஞ்சந்தானுங்க, படத்துல தெரியாது” என்றான் அவன். “இன்னும் ரெண்டு மழை போனா இது மட்டுந்தான் தெரியும்” என்றாள்.

மூன்றாவது வெள்ளி நிறம். ஓரங்களில் பூச்சு தேய்ந்திருந்தது. பிடியில் ஒட்டியிருந்த தோல் ஒரு மூலையில் எழும்பி நின்றது. அதை வெகுநேரம் பார்த்தாள். திருகாணித் தலைகளில் கீறல் இல்லை. அப்படியென்றால் யாரும் பிரித்து நோண்டவில்லை. வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு தூசிப் புள்ளிகள், துடைத்தால் போய்விடும். ஷட்டர் சத்தம் வெற்றிலைக் காம்பு கிள்ளுவது போல மெதுவாக இருந்தது. மேளம் அடிக்கும் இடத்தில் அது யார் காதிலும் விழாது.

“கடைசியா ஒண்ணுங்க. உங்க கர்சீப்பை இந்தத் தண்ணி பாட்டில் கழுத்துல சுத்திக் கட்டுங்க. வேகமா.”

அவன் கட்டினான். முடிச்சுப் போடும் விரல்களைத் தொடர்ந்து அவள் படங்களை எடுத்தாள். விரல்கள் துல்லியமாக வந்திருந்தன.

“இன்னொரு தடவை கட்டட்டுங்களா?”

தனப்பிரியாவின் முகம் மாறிவிட்டது. “வேண்டாமுங்க. அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. இதையே கட்டிக் குடுங்க.”

அது குணசீலனின் வார்த்தை.

சங்ககிரியில் குணசீலனின் ஸ்டுடியோவைத் தெரியாத மண்டபம் கிடையாது. தாலி கட்டும்போது, மாலை மாற்றும்போது, பெண்ணின் அம்மா அழும்போது, எதுவானாலும் அவர் கையைத் தூக்குவார். “லைட்டு விழுகலீங்க, இன்னொரு தடவை!” மாப்பிள்ளை பாதி முடிச்சோடு நிற்பான். அம்மா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி அழுவாள். அவரிடம் வேலை செய்கிற ஆட்களுக்கும் அதுவே பழகிப்போனது. முதல் தடவையை ஒப்புக்கு எடுப்பார்கள், இரண்டாவதைத்தான் ஒழுங்காக எடுப்பார்கள். அப்போது அங்கே வேலை செய்த தனப்பிரியா ஒருத்திதான் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டிருந்தாள். நடிக்காத முகம் அதில்தான் இருக்கும் என்பது அவள் எண்ணம். ஸ்டுடியோவின் முகப்பில் பெரிதாக மாட்டியிருந்த படங்களில் பாதி அவள் எடுத்தவை. கீழே இருந்த பெயர் குணசீலன்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சின்னுசாமி வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது. நாமக்கல் ரோட்டில் பெரிய கோழிப்பண்ணை வைத்திருப்பவர் சின்னுசாமி. தனப்பிரியாவின் அப்பா மணியன் அந்தப் பண்ணையில்தான் முட்டை அடுக்கி லாரி ஏற்றுகிறார். சின்னுசாமி மகளின் முகூர்த்தம் முடிந்த கையோடு குணசீலன் ஒரு காதுகுத்துக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் தாலி கட்டிய படங்கள் இருந்த மெமரி கார்டை வேறு கேமராவில் போட்டு, சுத்தமாக அழித்து, அதன்மேல் காதுகுத்தை எடுத்துத் தள்ளிவிட்டார். செய்தி தெரிந்து சின்னுசாமி ஸ்டுடியோவுக்கே வந்து கத்தியபோது, குணசீலன் பக்கத்தில் நின்றவளைக் கை காட்டினார்.

“இந்தப் புள்ள அழிச்சுப் போட்டாளுங்க. நான் என்ன பண்றது? கேமரா புடிக்கற கையா அது? முட்டை அடுக்கற கை.”

பொம்பளைப் பிள்ளை என்றால் சின்னுசாமி அதிகம் கத்தமாட்டார், அப்புறம் நான் சரிபண்ணிக்கொள்கிறேன் என்று பிற்பாடு அவளிடம் தனியாகச் சொன்னார். அடுத்த மாதம் வேலையை விட்டு நிறுத்தினார். அவள் வேறு ஸ்டுடியோக்களில் கேட்டுப் பார்த்தாள். எல்லா இடத்திலும் அவளுக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருந்தது. கார்டு அழித்தவள். பண்ணையில் சின்னுசாமி அவள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். “ஏய், கார்டு அழிச்சவ அப்பன், இந்த முட்டை அட்டையை ஏத்து” என்பார். அப்பா வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூட வேலை செய்யும் ஒரு பெண் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கத் தொடங்கினாள்.

காத்திருந்த நாள் பத்திரிகை உருவில் வந்தது. கல்லூரியில் அவளோடு படித்த மதுமதிக்குக் கல்யாணம். மதுமதியின் தாய்மாமன் வேறு யாருமில்லை, குணசீலன்தான். தன் ஆட்கள் எடுக்கும் மண்டபத்துக்குள் வெளிக் கேமரா நுழைந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவது அவர் வழக்கம். அதனால்தான் அந்த வெள்ளி நிற விளையாட்டுச் சாமான். மருமகள் கல்யாணத்தை அவர் ஆட்களைவிட நன்றாக எடுத்து, அவர் ஆல்பம் போடும் முன்னால் உறவுக்காரர்கள் எல்லோர் கையிலும் சேர்த்துவிட வேண்டும். யார் எடுத்தது என்று அவர்கள் கேட்க வேண்டும். மதுமதி அவள் பெயரைச் சொல்ல வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று குணசீலன் பட்டு வேட்டியில் மேடைமேல் இருந்தார். அவரைக் கேமரா இல்லாமல் பார்ப்பதே விசித்திரமாக இருந்தது. கீழே அவருடைய ஆள் பூபதி பெரிய கேமராவோடு நின்றான். தனப்பிரியாவின் கையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான்.

“என்னக்கா, தேருத் திருவிழாக் கடையில வாங்குனதா? அமுக்குனா தண்ணி பீச்சுமா?”

“பீச்சும். தள்ளி நில்லு, உன்ற சட்டை நனைஞ்சிரும்.”

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். விட்டுவிட்டான் என்பதுதான் முக்கியம்.

முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் பொன்பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. மெல்லிய தகடு, நூலில் கோத்தது. சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் அதை எடுத்துக் குணசீலன் கையில் கொடுத்தார். அப்பா இல்லாமல் வளர்ந்த பெண் மதுமதி. பட்டம் நெற்றியில் படும்போது அவள் நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். குணசீலனின் விரல்கள் நடுங்கின. கண் நிறைந்து, உதடு கோணிக்கொண்டது. பூபதி அந்த நேரம் குனிந்து பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். அவசரமில்லை, எப்படியும் இரண்டாவது தடவை உண்டே.

தனப்பிரியாவின் விரல் தானாக அழுந்தியது.

பூபதி நிமிர்ந்து குரல் கொடுத்தான். “அண்ணா, இன்னொரு தடவை!”

குணசீலனின் கை பழக்கத்தில் முடிச்சை அவிழ்க்கப் போனது. அருமைக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனப்பா, ரெண்டு தடவை பட்டம் கட்டுனா புள்ளைக்கு ரெண்டு கண்ணாலமா? உங்க நாடகத்தையெல்லாம் வேற ஊட்டுல வெச்சுக்குங்க. மேளக்காரரே, அடிங்க!”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மேளம் முழங்கியது. குணசீலன் பூபதியைப் பார்த்த பார்வையையும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து பட்டம் கட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. நடுங்கும் விரல்கள், நிமிர்ந்த பெண், தளும்பும் ஒரு கண். அவள் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். அந்த ஆளை இவ்வளவு நல்ல மனிதனாகக் காட்டியது தன் கையாகவா இருக்க வேண்டும்! அழித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம்தான் வேறொன்று புலப்பட்டது. தன் திட்டத்தைவிட அது நல்ல திட்டம்.

மற்ற படங்களை எல்லாம் மதுமதிக்கு அனுப்பினாள். கூடவே ஒரு வரி: பட்டம் கட்டற படமும் இருக்குது, உங்க மாமன் வந்து கேக்கட்டும். மதுமதிக்குக் கார்டு கதை முழுவதும் தெரியும். சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள்: “நல்லாக் கேக்க வை. எங்கம்மா ஏற்கெனவே அவரை வறுத்துட்டிருக்குது.”

உண்மைதான். மதுமதியின் அம்மா அமுதவல்லி தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அதையே சொன்னாள். “ஊரு கண்ணாலத்தையெல்லாம் புடிச்சுக் குடுத்தே. உன்ற அக்கா மவளுக்கு நீ பட்டம் கட்டுனதுக்கு ஒரு போட்டோ இல்ல. நாளைக்கு யாராச்சும் கேட்டா, வாயால வரைஞ்சு காட்டட்டுமா?”

குணசீலன் ஒரு நாள் காலையில் புக்கிங் ஆபீசுக்கு வந்து நின்றார். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தனப்பிரியா பில் அடிப்பதை நிறுத்தவில்லை.

“அந்தப் படத்தைக் குடு புள்ள. என்ன வேணுமோ கேளு.”

“காசு வேண்டாமுங்கண்ணா.”

“அப்புறம்?”

“ஞாயித்துக்கிழமை சின்னுசாமி அய்யன் பண்ணைக்கு வாங்க. எங்கப்பா நிக்கையில, கார்டை யாரு அழிச்சதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க. அப்பறம், அந்தப் படத்தை எங்க மாட்டுனாலும் கீழ எம்பேரு இருக்கோணும்.”

“பழசையெல்லாம் ஏன் கிளறறே? மறந்துபோன சங்கதி.”

“நீங்க மறந்துட்டீங்க. எங்கப்பனை அங்க இன்னும் என்னன்னு கூப்புடறாங்கன்னு தெரியுமுங்களா?”

அவர் கையைப் பிசைந்தார். அவள் அடுத்த பில்லை எடுத்தாள். “உங்க இஷ்டமுங்க. மெமரி கார்டு அழிஞ்சு போறது ஒண்ணும் பெரிய விசயமில்லீங்கண்ணா. என்ற கையோ முட்டை அடுக்கற கை. எப்ப வேணாலும் தவறிப் போகும்.”

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்துவிட்டார். தீவன வாடையும் ஈக்களும் சூழ்ந்த ஷெட்டுக்கு முன்னால் சின்னுசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி மணியன் கையில் முட்டை அட்டைகளோடு நின்றார். எதற்கு நிற்கச் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியாது. தனப்பிரியா கைப்பையிலிருந்து வெள்ளி நிறக் கேமராவை எடுத்தாள்.

“அது எதுக்கு?” என்றார் குணசீலன்.

“ஒரு ஞாபகத்துக்குங்க. நீங்க சொல்லுங்க.”

குணசீலன் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். “அந்தக் கார்டு... அவசரத்துல நாந்தானுங்க...”

“தலை குனிஞ்சிருக்குதுங்கண்ணா. மூஞ்சி விழுகல. இன்னொரு தடவை.”

அவர் அவளை வெறித்துப் பார்த்தார். அவள் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவர் நிமிர்ந்து, சின்னுசாமியைப் பார்த்துச் சொன்னார். “உங்க புள்ள கண்ணாலக் கார்டை நான் அழிச்சுப் போட்டனுங்க. இந்தப் புள்ள மேல பொய்யாச் சொல்லிட்டேன்.”

சின்னுசாமி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அட கெரகமே! ஏனப்பா, அன்னிக்கு என்ற ஊட்டுச் சோத்தைத் தின்னுபோட்டா அந்தப் பொய்யைச் சொன்னே?”

“கொஞ்சம் இருங்கய்யா,” என்றாள் தனப்பிரியா. “லைட்டு அந்தப் பக்கமா இருக்குதுங்கண்ணா. அப்படியே திரும்பி, எங்கப்பாவைப் பாத்து. இன்னொரு தடவை.”

ஷெட்டுக்குள் வேலை செய்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். குணசீலனின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் மணியன் பக்கம் திரும்பினார். “மணியண்ணா, உங்க புள்ள அழிக்கலீங்க. நாந்தான் அழிச்சேன்.”

மணியன் கையிலிருந்த அட்டைகளை மெதுவாகக் கீழே வைத்தார். எதுவும் உடையவில்லை. சின்னுசாமி தன் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டார். “உக்காரு மணியா” என்றார். மணியன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குணசீலன் முகத்தைத் துடைத்தார். “இப்பவாவது வந்துச்சா?”

தனப்பிரியா கேமராவைத் தாழ்த்தி அவருக்கு முன்னால் நீட்டினாள். லென்ஸின் மேல் மூடி அப்படியே இருந்தது. வாழ்நாளெல்லாம் கேமராவோடு கிடந்த மனிதர், மூன்று தடவையும் அந்தக் கறுப்பு மூடிக்கு முன்னால்தான் பேசியிருக்கிறார்.

“கழட்டவே இல்லீங்கண்ணா,” என்று சொல்லி, படம் இருந்த உறையை அவர் கையில் வைத்தாள். “உங்களுக்கு ஒரு நல்ல படம் போதுமுங்க. அதை முதல் தடவையிலேயே எடுத்துட்டேன்.”